பதினோரடி உயரத்துக் கோடு

இது நடந்தது. நம்பாதவர் நம்ப வேண்டா. நம்பும்படி இரந்து நிற்க இங்கே யாரும் வரவில்லை. அந்த வீடு இன்றும் நிற்கிறது. அதன் பின்னறையில், மேற்குச் சுவரும் கூரையும் கூடும் இடத்தில், அந்தக் கோடும் நிற்கிறது. வெறுங்கையால் இழுத்த கோடு. நூல் பிடித்துப் பார்த்தவர்களும் அதில் பிழை கண்டதில்லை.

வீட்டுக்கு உரியவள் ஒரு தையல்காரி. இருபது ஆண்டுகள் பிறர் உடம்புக்கு அளவெடுத்துச் சேர்த்ததில் வாங்கிய வீடு. பழைய வீடு, ஒன்பது ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. கணவன் இறந்த நாள்முதல் அவளுடைய அண்ணன் ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தார்.

"மிஷினை வித்துட்டு எங்கூட வந்துரு. புள்ளைங்களப் பாத்துக்கிட்டு, அண்ணிக்குக் கூடமாட ஒத்தாசையா இரு. தனியா எதுக்கு இந்த வீராப்பு?"

"ஒன்னாந்தேதி நான் என் வீட்ல குடியிருப்பேன் அண்ணே."

"இல்லன்னா?"

"இல்லன்னா மிஷினை வித்துட்டு வர்றேன்."

சினத்தில் வந்த சொல். ஆனாலும் சொன்ன சொல்லை அவள் விழுங்கியதில்லை. வாடகை வீட்டையும் அந்த மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். ஆகவே அவளுடைய வாழ்வு முழுவதும் ஒரு பெயின்ட் மேஸ்திரியின் கையில் வந்து நின்றது.

மேஸ்திரி நல்ல பேச்சுக்காரன். வாசல்படியில் நின்றபடியே வீடு முழுவதையும் கணக்கிட்டான்.

"பத்தே நாள் அக்கா. பதினோராம் நாள் பெட்டி படுக்கையோட வந்து எறங்குங்க."

"உள்ள வந்து பாருங்க தம்பி. கூரை ரொம்ப ஒசரம், பதினோரடி. ஏணி வேணும்."

"ஏணி நம்ம வேலையில கெடயாதுக்கா. ரெண்டு டிரம்மு, மேல ஒரு பலகை. அது போதும்." இதைச் சொன்னபோது அவன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வரவே இல்லை.

பத்து நாள் இருபது நாளாயிற்று. அந்த மாதத்தில் மட்டும் மேஸ்திரிக்கு இரண்டு மாமியார்கள் இறந்தார்கள்.

"போன வாரமும் மாமியார்தானே தம்பி?"

"அது மூத்த தாரத்து மாமியார்க்கா."

"இன்னும் எத்தனை பேர் பாக்கின்னு சொல்லிட்டா, நான் தேதி குறிச்சு வெச்சுக்குவேன்."

கூடம் முடிந்தது. சமையலறையும் முடிந்தது. பின்னறை மட்டும் முடியவில்லை. அவள் தையல் இயந்திரத்தைப் போட எண்ணியிருந்த அறை அது. காலையில் அதனுள் நுழைந்த இரண்டு பெயின்டர்கள் நண்பகலில் கை கழுவிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் வேறு இருவர் வந்தார்கள். அவர்களும் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவனை அவள் வாசலில் மடக்கினாள்.

"சொல்லாமக் கொள்ளாம எங்க போறீங்க?"

"உள்ளதான் ஒருத்தர் வேல செய்யிறாரே. ஒரே ரூமுக்கு எத்தனை பேரு?"

"யாரு?"

"இடதுகைக்காரரு. ‘இந்தச் செவுரு என்னோடது, நீங்க ஏறாதீங்க’ன்னாரு. நீங்க வெச்ச ஆளுன்னு நெனச்சோம்."

மேஸ்திரி அனுப்பிய ஆளாக இருக்கும் என்று அவள் எண்ணினாள். மறுநாள் மேஸ்திரி வந்து வாசலில் நின்று கொதித்தான்.

"நான் இருக்கும்போதே இன்னொருத்தனை உள்ள விட்டா எப்படிக்கா? தொழில்ல ஒரு நியாயம் வேணாமா?"

"நீங்க ஒழுங்கா வந்தா நான் ஏன் இன்னொருத்தனைத் தேடப்போறேன்? நீங்க அனுப்பின ஆளை நீங்களே தெரியாதுங்கிறீங்க."

"நான் யாரையும் அனுப்பலை."

"நானும் யாரையும் வெக்கலை."

இருவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்று உறுதியாக நம்பினார்கள். அவன் கோபித்துக்கொண்டு போனான். அதன்பின் தொலைபேசியையும் எடுக்கவில்லை.

மாதம் முடிய நான்கு நாட்கள் இருந்தன.

அன்று பிற்பகல் தன் தையல் கடையை அடைத்துவிட்டு, புதிய பிரஷ் ஒன்றை வாங்கிக்கொண்டு அவள் தனியாக வீட்டுக்கு வந்தாள். ‘ஊரில் ஆள் இல்லாவிட்டால் என்ன, எனக்குக் கை இருக்கிறது’ என்பதுதான் அவள் மனத்தில் இருந்த ஒரே எண்ணம்.

பின்னறைச் சன்னலோரம் ஒரு மர ஏணி சாய்ந்திருந்தது. பழைய ஏணி. மேலிருந்து மூன்றாம் படி பிளந்து, கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. ஏணியே வேண்டாம் என்றவன் ஓர் ஓட்டை ஏணியையாவது அனுப்பினானே என்று சிரித்துக்கொண்டாள்.

மணி 4:40. சமையலறையில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள். அப்போது கேட்டது.

சர்... சர்... சர்...

உப்புத்தாளால் சுவரைத் தேய்க்கும் ஓசை. நிதானமானது. அவசரமில்லாதது. அவள் ஈரக்கையோடு பின்னறைக்குப் போனாள். யாரும் இல்லை. சாய்ந்த வெயிலில் வெண்துகள்கள் மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன.

மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். துணியின் மேடு பள்ளத்தைத் தடவியே சொல்லும் கை அது. வந்தபோது சொரசொரப்பாக இருந்த சுவர் இப்போது பட்டாக வழுக்கியது.

மணி 5:05. உறை பிரிக்காத அவளுடைய பிரஷ் உறை பிரிந்து கிடந்தது. ஈரமாக இருந்தது.

சன்னலோரம் இருந்த ஏணி... மேற்குச் சுவரில் சாய்ந்திருந்தது.

சிறுவயதில் பாடம் செய்த பதிகம் ஒன்று தானாக நாவில் எழுந்தது. இரண்டு அடி சொன்னாள். பிறகு நிறுத்தினாள். இறைவனைக் கூப்பிட்டு வழி கேட்கும் அளவுக்கு இன்னும் எதுவும் ஆகிவிடவில்லை. பெயின்ட் டப்பாவைக் கலக்கினாள். சேலையை இழுத்துச் செருகினாள். வெறுங்காலோடு ஏணியில் ஏறினாள்.

கட்டியிருந்த கம்பியின் முனை வலது உள்ளங்காலைக் கீறியது. அவள் பொருட்படுத்தவில்லை.

மணி 5:47. கூடத்தில் அவள் மாட்டியிருந்த சுவர்க் கடிகாரம் தெரிந்தது. அதனால் அவளுக்கு நேரம் துல்லியமாக நினைவிருக்கிறது. காலடியில் மரம் ஒருமுறை முனகியது.

கிரீச்...

ஏணி நடுங்கியது.

கீழிருந்து ஒரு குரல். மிக அருகில். ஒரே சொல்.

"எறங்கு."

அவள் குனியவில்லை.

பிரஷிலிருந்து ஒரு துளி விழுந்தது. தரையில் பட்ட ஓசை... கேட்கவில்லை.

உடனே சினம் வந்தது. வீராப்பிலிருந்து இறங்கு என்றார் அண்ணன். மேஸ்திரி பாதியில் விட்டு இறங்கச் செய்யப் பார்த்தான். இப்போது முகம் தெரியாத ஒன்றும் அதையே சொல்கிறது.

"எறங்க மாட்டேன்," என்றாள் சுவரைப் பார்த்தபடி. குரல் நடுங்கியது, சொல் நடுங்கவில்லை. "இது என் வீடு. நாலு நாள்ல நான் இங்க வந்தாகணும். நீ யாரா வேணா இரு. கீழ விழுவேன்னு அவ்வளவு கவலையா இருந்தா... ஏணியப் புடிச்சுக்க."

ஏணியின் நடுக்கம் நின்றது.

யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

தையல்காரிக்கு இழுவிசை தெரியும். இரண்டு கைகள். இடது கையில் அழுத்தம் கூடுதல்.

அவள் பெயின்ட் அடித்தாள். மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக. இறங்கி ஏணியை நகர்த்தும்போதெல்லாம் கண்ணைச் சுவரிலேயே வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு மூச்சு... அவள் நகர்ந்தால் நகர்ந்தது. நின்றால் நின்றது.

7:15க்கு முடித்தாள். கூரையை ஒட்டி நான்கு விரல் அகலப் பட்டை மட்டும் மீந்திருந்தது. அங்கே நேர்க்கோடு இழுக்க வேண்டும்; அது பழகிய கைக்கு உரிய வேலை. கடைசிப் படியிலிருந்து தரையில் காலை வைத்தாள்.

"மிச்சத்தக் காலைல பாக்கலாம்," என்று அறைக்குச் சொல்லிவிட்டு, ஓடாமல் நடந்து, கதவைப் பூட்டினாள்.

மறுநாள் காலை 6:30க்குத் திறந்தாள். பட்டை நிரம்பியிருந்தது. மூலையிலிருந்து மூலைவரை ஒரே கோடு. ஏணியைக் காணவில்லை. மேஸ்திரியிடம் இன்னொரு சாவி உண்டு. அவன் ஆட்கள் விடியற்காலையில் வந்து வேலையை முடித்து ஏணியை எடுத்துப் போயிருப்பார்கள் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அப்படித்தானே சொல்லிக்கொள்ள முடியும்.

ஒன்றாம் தேதி இயந்திரம் பின்னறைக்கு வந்தது. அண்ணனும் வந்தார். எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்தார். குற்றம் கண்டுபிடிக்க முயன்று தோற்றார்.

"செவுத்த யாரு அடிச்சா? நல்ல வேலை."

"நான்தான் அண்ணே. கூட ஒரு ஆளு இருந்தாரு."

மூன்றாம் நாள், டிரம்மையும் பலகையையும் எடுத்துப் போக மேஸ்திரி வந்தான். வழக்கம்போல் வாசலில் நின்றான்.

"உள்ள வாங்க தம்பி. மாமியார் யாரும் இல்ல."

தயங்கித் தயங்கி வந்தான். பின்னறை வாசலில் நின்று மேலே பார்த்தான். அவன் கண் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்து, கடைசி மூலையில் நின்றது. அங்கே கோடு முடியும் இடத்தில், நகத்தளவுக்கு ஒரு சிறு ஏற்றம் இருந்தது. பிரஷை எடுக்கும்போது சிலருக்கு மட்டும் விழும் கைப்பழக்கம் அது.

மேஸ்திரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இது... அவன் கை."

"எவன்?"

"என்னோட கூட்டாளி. இடதுகைக்காரன். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இதே ரூமு, இதே செவுரு. படி பொளந்திருச்சு, வேணாம்னான். நான்தான் கம்பியச் சுத்திக் குடுத்து, இன்னிக்கு ஒரு நாள் தாங்கும், ஏறுன்னேன்." அவன் மறுபடியும் கோட்டைப் பார்த்தான். "அவன் விழுந்து செத்தப்போ ஆறு மணிக்குப் பதிமூணு நிமிஷம் இருந்துச்சு."

அவள் கணக்கிட்டாள். 5:47.

"அவங்க வீட்ல என்ன சொன்னீங்க?"

"தலை சுத்தி விழுந்துட்டான்னு..."

"கம்பியப் பத்திச் சொல்லலை."

அவன் இல்லை என்று தலையை அசைத்தான்.

"போயிச் சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் டிரம்ம எடுத்துக்கலாம்."

"ஒன்பது வருஷம் ஆச்சுக்கா."

"டிரம்மு எங்கயும் போகாது. நானும் எங்கயும் போக மாட்டேன்."

அவன் எழுந்தான். வாசல்வரை போனவனை அவள் நிறுத்தினாள்.

"அந்த ஏணியையும் இனிமே யாருக்கும் குடுக்காதீங்க. ஒடச்சுப் போட்டுருங்க."

"எந்த ஏணி?"

"கம்பி கட்டின ஏணிதான். நான் அதுல ஏறித்தானே இத அடிச்சேன்."

மேஸ்திரி அவளை நெடுநேரம் பார்த்தான்.

"அக்கா... அந்த ஏணிய அன்னிக்கே நான் எரிச்சுட்டேன். யாரும் கம்பியப் பாத்துறக் கூடாதுன்னு. சாம்பலாகுற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்."

டிரம்கள் நான்கு நாள் முற்றத்தில் கிடந்தன. ஐந்தாம் நாள் அவன் வந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. ‘சொல்லிட்டேன்க்கா’ என்றுவிட்டு டிரம்மையும் பலகையையும் எடுத்துப் போனான்.

அவள் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. அந்த அறையில்தான் இன்றும் தைக்கிறாள், மேற்குச் சுவருக்கு முதுகைக் காட்டியபடி. அன்று மாலை ஒன்றரை மணி நேரம் எதன் மேல் நின்றாய் என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை. மறுத்துப் பேசுகிறவர்களிடம் மட்டும் வலது காலை நீட்டுகிறாள்.

உள்ளங்காலில், குறுக்காக, ஒரு தழும்பு.

கம்பி கீறியது.