விரல் காட்டும் ஞாயிறு

தேர்தல் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, காத்திருப்போர் சபையில் பாட்டும் ஜெபமும் அப்புறம்தான். முதலில் விரல் காட்ட வேண்டும். ஓட்டு வயது வந்த அத்தனை பேரும் வரிசையாகப் போய், இடது கை ஆள்காட்டி விரலை மூத்தவர் முன்னால் நீட்டித் தலை குனிந்து நிற்க வேண்டும். அவர் நகக்கண்ணைப் பார்ப்பார். மை இல்லையென்றால் தலையசைப்பார். வரப்போகிற ராஜா ஒருவர்தான் அரசாங்கம், அவருக்காகக் காத்திருக்கிறவர்கள் மனுஷனுக்கு ஓட்டுப் போடக் கூடாது என்பது சபைச் சட்டம். மை இருந்தால் தீர்ந்தது. அந்த ஆளோடு சபையார் யாரும் பேச மாட்டார்கள், தண்ணீர் புழங்க மாட்டார்கள், செத்தாலும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

சொர்ணத்தாய் சின்னப் பிள்ளையில் அம்மா அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சபைக்குள் போனவள். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைக்கிற வேலை. காலையில் எட்டயபுரம் ரோட்டு விலக்கில் ஆபீஸ் வேன் வரும், ஏறிக்கொள்வாள். கெட்டிக்காரிதான். ஆனாலும் மூத்தவரிடம் கேட்காமல் ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்கியதில்லை. புருஷன் இறந்த பிறகு எந்தக் காட்டில் உளுந்து போடுவது என்பதைக்கூட அவரைக் கேட்டுத்தான் செய்தாள். அப்படிப்பட்டவள், மகள் முத்துச்செல்வி பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நின்றபோது காலேஜுக்கு அனுப்பலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார் மூத்தவர். மறுநாளே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வந்தாள். அதோடு சபைக்குப் போவதையும் நிறுத்திக்கொண்டாள்.

சபை பொறுத்துப் பார்த்தது. திரும்பி வருவாள் என்று நினைத்தார்கள். சபையிலேயே இருந்த தங்கை ராதாமணியும் அப்படித்தான் நம்பினாள். அக்கா தங்கை வீட்டுக்கு ஒரே சுவர், நடுவில் சின்னதாக ஒரு கதவு. குழம்பு, உப்பு, சண்டை எல்லாம் அந்த வழியாகத்தான் போய் வரும். பாராளுமன்றத் தேர்தலுக்கு முந்தின நாள் ராதாமணி அந்தக் கதவில் நின்று அழுதாள்.

“சபைக்கு வராட்டாலும் பரவால்லக்கா. மைய மட்டும் வாங்கிராத. அப்புறம் நான் ஒன்கிட்டப் பேச முடியாது.”

“நான் என்னட்டி தப்புப் பண்ணுதேன்? ஊரே போடுது.”

போனாள். பள்ளிக்கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிடப் போகிறவளைப் போல உள்ளே போனாள். மை வைத்தார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் போனவள் அப்படியே திரும்பி, மேஜையில் இருந்த ஆபீசரைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.

“சார், எதுல அமுக்கணும்?”

“புடிச்ச சின்னத்துக்கு நேரா இருக்க பட்டனை அமுக்குங்கம்மா.”

“அது தெரியுது சார். எந்தச் சின்னம்னு கேக்குதேன்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. ஆபீசர் சிரிக்கவில்லை. “அத நான் சொல்லக் கூடாதும்மா. யாருமே சொல்லக் கூடாது. நீங்கதான் முடிவு பண்ணணும்” என்றார்.

அவளுக்குக் கை எழவில்லை. நாற்பது வயதுக்கு மேல் முதன்முதலாக ஒருவர் அவளுக்கு உத்தரவு கொடுக்க மாட்டேன் என்கிறார். சின்னங்களை மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள். பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. ஒன்றையும் அமுக்காமல் வெளியே வந்துவிட்டாள்.

விரலில் மை இருந்தது, ஓட்டு இல்லை. அன்று சாயங்காலமே சுவர்க் கதவுக்கு அந்தப் பக்கம் தாழ் விழுந்தது.

வேறொருத்தியாக இருந்தால் இந்த ஓட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தலை முழுகியிருப்பாள். சொர்ணத்தாய்க்கு ஆத்திரம் தன் மேல்தான். தங்கச்சியைப் பறிகொடுத்து வாங்கிய மையை வீணாக்கிவிட்டோமே என்று குமைந்தாள். பெட்டிக்குள் குச்சி அடைக்கும்போதெல்லாம் ஆபீசர் சொன்னது காதில் கேட்கும். யாருமே சொல்லக் கூடாது. கேட்கக் கேட்க அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துப்போனது. அப்படியென்றால் நானாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கிளம்பினாள்.

வேனில் பக்கத்து சீட்டுக்காரியிடம், யாருக்குப் போட்டாய் என்று கேட்க மாட்டாள், எதைப் பார்த்துப் போட்டாய் என்று கேட்பாள். மகளின் செல்போனில் எல்லாக் கட்சிக்காரர்கள் பேச்சையும் கேட்டாள். கிராம சபைக் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்றாள். “எங்க தெருக் கடைசிக் குழாய்க்கு மட்டும் ஏன் தண்ணி வர மாட்டேங்குது?”

“ஓட்டே போடாத சபைக்காரிக்குக் கேள்வி என்ன வேண்டிக் கெடக்கு?” என்றான் ஒருத்தன்.

“போன தடவ போடல. அடுத்த தடவ போடுவேன். அதுக்குத்தான் கேக்குதேன்.”

அடுத்த கூட்டத்திலும் அதையே கேட்டாள், அதற்கடுத்ததிலும் கேட்டாள். யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். ஒரு நாள் ஆள் வந்து குழி தோண்டிக் குழாயை மாற்றினார்கள். தெருக்கோடிக்குத் தண்ணீர் வந்தது.

சட்டமன்றத் தேர்தல் வந்தது. வேட்பாளர் ஜீப்புகளுக்கு மற்ற பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். இவள் வெறுங்கையோடு நின்று, எல்லாரையும் ஒரே கேள்வி கேட்டாள்: ஜெயித்த பிறகு எங்கே வந்து உங்களைப் பார்ப்பது? பதில்களைக் கேட்டு ஒரு முடிவுக்கும் வந்தாள். இந்தத் தடவை போட்டி கடுமை, ஒவ்வொரு ஓட்டும் முக்கியம் என்று ஊரே பேசிக்கொண்டது.

ஓட்டுப் போடக் கிளம்பிய காலையில் சுவர்க் கதவின் தாழ் விலகியது. அத்தனை நாள் பேசாதிருந்த ராதாமணி நின்றுகொண்டிருந்தாள்.

“நீ கேட்டு வந்த தண்ணியத்தான் தெனமும் குடிக்கேன். ஒன் கையால தண்ணி வாங்கக் கூடாதுன்னு சபையில சொல்லுதாவ. எனக்கு மனசு கேக்கலக்கா. நானும் வாரேன்.”

சொர்ணத்தாய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு இரண்டு பேரும் நடந்தார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் ராதாமணி செருப்பைக் கழற்றிவிட்டு, அக்கா காதருகே வந்து கேட்டாள்.

“யாருக்குப் போடட்டும்? நீ சொல்லுத ஆளுக்குப் போடுதேன்.”

பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் தன் ஆளுக்கு இன்னொரு ஓட்டு. சொல்லாவிட்டால் இப்போதுதான் திரும்பி வந்தவள் முகம் சுருங்கிவிடுமோ என்ற பயம் வேறு.

“அத நான் சொல்லக் கூடாதுட்டி.”

“நீகூடவா?”

“யாருமே சொல்லக் கூடாது. நின்னு நிதானமா யோசி. எவன் முணுமுணுத்தாலும் நகராத.”

சொர்ணத்தாய் முதலில் போனாள். இந்தத் தடவை கை தானாக எழுந்தது. போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றாள். உள்ளே ராதாமணி போய் நேரமாகிவிட்டது, மெஷின் சத்தத்தைக் காணோம். ஐயோ, என்னை மாதிரியே வெறுமனே திரும்பிவிடுவாளோ என்று வாசல் வழியாக எட்டிப் பார்த்தாள். அப்புறம் அந்த நீளமான சத்தம் கேட்டது.

ராதாமணி வெளியே வந்தாள். நேரே அக்கா முன்னால் வந்து, பழக்கத்தில் இடது கை விரலை நீட்டித் தலை குனிந்து நின்றாள்.

சொர்ணத்தாய் அந்த விரலைப் பார்க்கவில்லை. மடக்கி, தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு எதுக்குட்டி காட்டுத? இனி யாருக்கும் காட்டாத. செருப்ப மாட்டு, வீட்டுக்குப் போவோம்.”