ஸ்டெப்னி கவருக்குள் வைத்த சாவி

"ஆலன் கீ: ஸ்டெப்னி கவருக்குள், வலது பக்கம். கஸ்டமருக்குக் காட்டியாயிற்று. செவ்வாய், காலை 11.20."

எங்கள் ஷெட்டில் கூரை மாட்டிய ஒவ்வொரு வண்டியின் ஜாப் கார்டிலும் இப்படி ஒரு வரி இருக்கும். கையெழுத்து என்னுடையது. கிழமையும் நேரமும் போடாமல் எதையும் எழுதிப் பழக்கமில்லை. அந்த ஒரு வரியால் ஒருவருடைய வேலையும் பெயரும் போக இருந்தன.

மேற்கு தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஷெட் அது. நான் சூப்பர்வைசர். ஜீப் வகை வண்டிகளில் துணிக் கூரையை எடுத்துவிட்டு ஃபைபர் கூரை மாட்டுவது எங்கள் முக்கிய வேலை. பின்பாதி நிரந்தரமாக நிற்கும். முன்பாதியில் இடதும் வலதுமாக இரண்டு பேனல்கள்; அவற்றைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் காற்று வாங்கப் போகலாம். பேனலுக்கு நான்கு போல்ட், வெளியிலிருந்து ஆலன் கீ என்ற ஆறு பட்டைச் சாவியால் திருக வேண்டும். கஸ்டமர்கள் அந்தக் கீயைத் தொலைத்துவிட்டு, மழை பிடித்ததும் போன் செய்வார்கள். அதற்கு நான் கண்ட வழிதான், பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி டயரின் கவருக்குள் கீயைச் செருகி வைப்பது. வண்டி போகும் இடமெல்லாம் கீயும் போகும். நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள்.

1. வெள்ளி

மூன்று வாரத்தில் மூன்று வண்டிகளில் பேனல்கள் திருடு போயின. சேலையூரில் ஒன்று, பெருங்களத்தூரில் ஒன்று, மேடவாக்கத்தில் ஒன்று. மூன்றும் நாங்கள் மாட்டியவை. மேடவாக்கத்துக்காரர் நேராக ஷெட்டுக்கே வந்தார்.

"உடைச்சு எடுத்திருந்தா திருடன்னு விட்டுடலாம் சார். ஒரு ஸ்க்ராட்ச் இல்ல. சர்வீஸ் பண்ண மாதிரி நீட்டா கழட்டிருக்கான். உங்க ஆளைத் தவிர யாருக்கு இது தெரியும்?"

முதலாளி தனசேகர் மூன்று ஜாப் கார்டுகளையும் கேட்டு வாங்கினார். ஃபிட்டர் என்ற இடத்தில் மூன்றிலும் ஒரே பெயர். பதினோரு வருடமாக எங்களோடு இருக்கும் நசீர்.

"நசீரு, திங்கக்கெயம வரிக்கும் வராத. அதுக்குள்ள எவன்னு தெரியலன்னா வேற எடம் பாத்துக்க."

நசீர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இன்னா மொதலாளி, நானே மாட்டி நானே போய் கயட்டுவேனா? கயட்டணும்னா உங்க வண்டி வாசல்லயே நிக்குது. தாம்பரத்த வுட்டு மேடவாக்கம் எதுக்குப் போறேன்?"

பெயின்ட் பக்கம் யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. நசீர் டூல் பாக்ஸை எடுக்காமலே கிளம்பினார். எடுத்துக்கொண்டு போனால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

மூன்று கார்டில் நசீர் பெயர் இருந்தது உண்மை. எல்லாக் கார்டிலும் இருந்தது என்பதும் உண்மை. கூரை மாட்டும் ஃபிட்டர் அவர் ஒருவர்தான். ஆனால் அது மட்டும் அவரைக் காப்பாற்றாது. திங்கட்கிழமைக்குள் வேறு ஏதாவது கிடைத்தாக வேண்டும்.

2. சனி

கார்டு வரிசைப்படி எல்லாக் கஸ்டமருக்கும் போன் செய்தேன். பேனல் இருக்கிறதா, வண்டியில் யாராவது கை வைத்த அடையாளம் உண்டா என்ற இரண்டே கேள்விகள்தான். பாதிப் பேர் நான் ஏதோ விற்கப் பார்க்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்கள். திரும்பவும் அடித்தேன். பன்னிரண்டாவது அழைப்பில் ராஜகீழ்ப்பாக்கத்து விஜயா டீச்சர் எடுத்தார்.

"பேனல் பத்திரமா இருக்கு சார். ஏன், காணாம போகணுமா?"

"ஐயோ, இல்ல டீச்சர். வேற ஏதாவது?"

"போன மாசம் ஒரு நாள் காலைல ஸ்டெப்னி கவர் வலது பக்கம் மட்டும் கழண்டு தொங்குச்சு. பூனை வேலைன்னு நெனச்சேன். உங்க கீ அதுக்கு முன்னாடியே கிச்சன் டிராயருக்கு வந்தாச்சு. கத்தியோட கெடக்கு."

முதல் திருட்டு அதற்குப் பிறகுதான் நடந்தது. பேனலைப் பறிகொடுத்த மூவருக்கும் மறுபடி போன் போட்டு, கவருக்குள் கை விட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்றிலும் கீ இல்லை.

நசீரின் சட்டைப் பையிலேயே ஆலன் கீ செட் இருக்கும். டீச்சர் வண்டியின் கவருக்குள் தேடிவிட்டு, கிடைக்காமல் பேனலை விட்டுப் போனவன் கையில் கீ இல்லாதவன். எங்கே தேட வேண்டும் என்று மட்டும் தெரிந்தவன். அது எப்படித் தெரிந்தது?

3. திங்கள்

பதில் முதலாளியின் போனிலேயே இருந்தது. எங்கள் ஷெட்டின் இணையப் பக்கத்தில் அவரே போட்ட டெலிவரி வீடியோ. மாலை போட்ட வண்டிக்கு முன்னால் நின்று, ஸ்டெப்னி கவரைத் தட்டிக்கொண்டு பேசுகிறார்: "பேஜாரே இல்ல சார். கீ தொலையவே தொலையாது. எப்பவும் இங்கதான் கீது!"

அதை அவரிடமே போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார்.

"இத்த எத்தினி பேரு பாத்திருப்பானுங்க?"

"தெரியாது. ஆனா கீயை அங்க வைக்கச் சொன்னது நான். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. நசீரை இல்ல."

திட்டினார். ஐந்து நிமிடம் திட்டிவிட்டு, வீடியோவை அழித்து, நசீருக்குப் போன் செய்தார். "நசீரு, கெளம்பி வா."

நசீரின் குரல் எனக்கும் கேட்டது. "எல்லார் முன்னாடியும் போன்னு சொன்னீங்க. எல்லார் முன்னாடியும் வான்னு சொல்லுங்க."

தனசேகர் ஷெட்டின் நடுவில் வந்து நின்று, ஸ்பீக்கரைப் போட்டு, "தப்பு எங்களுதுடா, வா" என்றார். அன்று மதியம் நசீர் தன் டூல் பாக்ஸைத் திறந்தார்.

அதன் பிறகு முறையை மாற்றினோம். அலாய் வீலுக்கு லாக் நட் போடுவது போல, பேனலின் நான்கு போல்டில் ஒன்றை மட்டும் தனி வடிவத் தலையுடன் கூடுவாஞ்சேரி லேத் பட்டறையில் செய்து வாங்கினோம். அதன் கீ கஸ்டமர் கையில், கையெழுத்து வாங்கிக்கொண்டு. வண்டியில் வைக்கக் கூடாது என்று வாயாலும் சொன்னோம். பேனலின் உள்விளிம்பில் ஜாப் கார்டு எண்ணைப் பஞ்ச் செய்து பொறித்தோம். பழைய வண்டிகள் எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்தோம். வராதவர்கள் வீட்டுக்கு நசீரும் நானும் போனோம். லாக் போல்ட் போட்ட வண்டியில் பேனல் போனதாக இதுவரை எங்களுக்குத் தகவல் இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கஸ்டமருக்கு வசதி செய்து கொடுக்கும்போது, அந்த வசதி வேறு யாருக்கெல்லாம் உதவும் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து நசீரும் நானும் போன வழியில், சிங்கப்பெருமாள் கோவில் அருகே ஓர் இளநீர் வண்டிக்கு நிழலாகக் கறுப்பு ஃபைபர் பேனல் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். பழைய இரும்புக் கடையில் வாங்கியதாக இளநீர்க்காரர் சொன்னார். நசீர் விளிம்பைத் தடவிப் பார்த்தார். நான்கு ஓட்டைகள்.

"நம்மளுதாண்ணா. என் கை எனக்குத் தெரியாதா?"

"நம்பர் இருக்கா?"

"இத்த மாட்டினப்போ நம்பர் எங்கண்ணா பஞ்ச் பண்ணோம்?"

இளநீர் குடித்துவிட்டு வந்தோம். அன்றைய குறிப்பு இப்படி முடிகிறது: "வியாழன், பிற்பகல் 3.10. பேனல் எங்களுடையது என்கிறார் நசீர். உறுதி செய்ய வழியில்லை."