படத்துக்கும் கண்ணுக்கும் நடுவில்

"எந்தச் சுவரு? அதுல வெயில் எத்தன மணிக்கு அடிக்கும்? வீட்டுல தூசு தொடைக்கறது யாரு?"

படத்தைப் பிரிப்பதற்கு முன்பே இந்த மூன்று கேள்விகளும் வந்து விழுந்துவிடும். படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட வந்தவர், காவல் நிலையத்துக்கு வந்துவிட்டோமோ என்று விழிப்பார். மூன்றாவது கேள்விக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஈரத்துணியால் துடைக்கிற வீடு என்று தெரிந்தால் கண்ணாடியம்மாவின் முகம் சுருங்கிவிடும். "தண்ணி விளிம்பு வழியா உள்ள எறங்கி, படத்த உப்ப வெச்சிரும். அப்பறம் என் கடைக்குத்தான் கெட்ட பேரு."

கண்ணாடியம்மா என்பது தெரு வைத்த பெயர். ஐம்பத்தைந்து வயது. மூக்கின் மேல் ஒரு மூக்குக்கண்ணாடி, நெற்றிக்கு மேல் இன்னொன்று, தேடிக்கொண்டிருப்பதோ மூன்றாவதை. எதையும் சுத்தமாகத்தான் பேசுவார் என்றில்லை. அளவு தப்பினால் தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொள்வார், வாடிக்கையாளர் காதில் விழுந்தாலும் கவலையில்லை.

கடைச் சுவரில் ஒரே சிவப்புப் பூவின் படம் நான்கு முறை தொங்குகிறது. ஒன்றுக்குச் சாதாக் கண்ணாடி, ஒன்றுக்குப் பளபளப்பில்லாத மேட் கண்ணாடி, ஒன்றுக்கு உடையாத பிளாஸ்டிக்கான ஆக்ரிலிக். நான்காவதற்கு, வெயிலைத் தடுத்து எதிரொளியையும் குறைக்கும் பூச்சுக் கண்ணாடி. எதிர் ஜன்னல் வெயிலில் ஆறு வருடம் காய்ந்ததில் மூன்று பூக்கள் பழைய சட்டை மாதிரி வெளுத்துவிட்டன. நான்காவது மட்டும் சிவப்பாகவே நிற்கிறது. "நான் சொன்னா வியாபாரம்னு நெனப்பாங்க. பூவே சொல்லட்டும்" என்பார். யாராவது நம்பாமல் நின்றால் செல்போன் விளக்கைக் கண்ணாடிமேல் அடித்துக் காட்டுவார். சாதாக் கண்ணாடியில் விளக்கு வெள்ளையாகத் திரும்பி வரும், பூச்சுக் கண்ணாடியில் ஊதாவாக வரும். அந்த ஊதாவைப் பார்க்கும்போது அவருக்கு இன்றும் ஒரு சின்னப் பிள்ளைச் சந்தோஷம்.

யானைக்கும் அடி சறுக்கும். ஓவியம் படிக்கிற பெண்ணொருத்தி கரியால் வரைந்த முகத்துக்கு, பல வருடங்களுக்கு முன் இவர் ஆக்ரிலிக் போட்டார். அவசரத்தில் காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்துப் பளபளப்பாக்கி மேலே வைத்தார். தேய்த்த ஆக்ரிலிக் தலைமுடியை இழுக்கும் சீப்பு மாதிரி. இடது புருவத்தின் கரிப்பொடி அப்படியே எழும்பி அதில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் திட்டவில்லை, அழவில்லை, படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் ஆறியிருக்கும். புருவம் ஒட்டிய அந்த ஷீட்டை இவர் தூக்கிப் போடவே இல்லை.

சென்ற மாதம் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரு கரிப் படம். பஸ் ஓட்டுகிற ஒருவரின் பிடரி, பக்கவாட்டில் ஒரு காது, முன்னால் மங்கலாகச் சாலை. வரைந்தவர் அவர் மனைவி. டீச்சர். வேலைக்காலம் முழுக்கக் கணவர் ஓட்டிய பஸ்ஸிலேயே, அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போய்வந்தவர். இதை வரைந்துகொண்டிருந்த அன்றுதான் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது.

"தலைமாட்டுச் சுவத்துல மாட்டணும்மா. மேல விழுந்தாலும் ஒடையாம ஆக்ரிலிக் போட்டுக் குடுங்க. இனிமே அவ வரையப் போறதில்ல. இதுதான் கடைசி. ஒரு பொட்டுகூடப் போயிடக் கூடாது."

"தலைமாட்டுல மாட்டினா அண்ணி எப்பிடிண்ணே பாப்பாங்க? பாக்க வர்றவங்கதான் பாப்பாங்க" என்றார் கண்ணாடியம்மா. பிறகு அந்தப் பழைய ஷீட்டை எடுத்துவந்து புருவத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னார்.

"கொஞ்சம் பொடிதானேம்மா?"

"அந்தப் பொடிதாண்ணே படமே."

மறுநாள் மூன்று கண்ணாடித் துண்டுகளோடு அவர்கள் வீட்டுக்கே போனார். "அண்ணி, ஓரமா எனக்கும் கொஞ்சம் எடம் இருக்கா?" என்று கேட்டு, கட்டிலில் கிடந்த டீச்சரின் பக்கத்தில் தலைக்குத் தலை வைத்துப் படுத்துக்கொண்டார். டிரைவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், கால்மாட்டுச் சுவரில் படத்தை வைத்து, அதன் முன்னால் ஒவ்வொரு துண்டாகப் பிடித்து நின்றார். சாதாக் கண்ணாடியில் ஜன்னல் மட்டும் தெரிந்தது. மேட் கண்ணாடி, பொடியில் படாமல் இடைவெளி விட்டுப் பிடித்ததும் படத்தைப் பனிமூட்டமாக்கியது. பூச்சுக் கண்ணாடி வைத்ததும் நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி பிடரி துலங்கியது. டீச்சரின் இடது கை ஒரு விரலை உயர்த்தியது. தீர்ப்பு முடிந்தது.

ஒரு வாரத்தில் சட்டம் தயார். கண்ணாடி பொடியைத் தொடாதபடி சுற்றிலும் தடித்த அட்டை, பின்பக்கம் தூசு புகாமல் டேப், தாங்குவதற்கு இரண்டு கொக்கிகள். கால்மாட்டுச் சுவரில் மாட்டி முடித்ததும் டிரைவர் தோள்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "இனிமே இத யாரும் ஒண்ணும் பண்ண முடியாதில்லம்மா?"

"முடியாதுண்ணே."

டீச்சர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கை போர்வையிலிருந்து மெல்ல எழுந்தது. கட்டைவிரல் காற்றில் எதையோ தேய்த்தது.

"தண்ணி வேணுமா? வலிக்குதா?" டிரைவர் குனிந்தார்.

தலை அசைந்தது, இல்லை என்று. விரல் நிற்கவில்லை. "கா... து."

டிரைவர் படத்தைப் பார்த்தார். காதின் மேல்பாதியில் கரியைக் கட்டைவிரலால் தேய்த்துப் போட்ட நிழல் இருந்தது. கீழே வெறும் கோடுதான். அன்று அங்கேதான் கை நின்றுபோயிருக்கிறது.

"வேணாம். இடது கையால தொட்டா மொத்தமும் கலைஞ்சிரும். இருக்கறதாவது இருக்கட்டும்." கண்ணாடியம்மா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா அவகிட்ட."

கட்டைவிரல் இன்னும் காற்றில் தேய்த்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியம்மா சுவரிலிருந்து சட்டத்தை இறக்கினார். கட்டிலின் ஓரத்தில் அதைக் குப்புற வைத்தார். பையிலிருந்து கத்தியை எடுத்து, காலையில் தான் ஒட்டிய டேப்பை ஒரு மூலையிலிருந்து கீறத் தொடங்கினார்.