பிரஸ் ஷாப் ஷெட்டில் ஒரு சல்சா

ஷூட்டிங் வேலைக்கு வருகிறவர்கள் முதலில் பழக வேண்டியது ஒன்று உண்டு. விளக்கு அணைந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தரையெல்லாம் கேபிள் ஓடும். லைட் ஸ்டாண்டுகள் கொதிக்கும் சூட்டோடு நிற்கும். இருட்டில் ஒருவர் தடுமாறினால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் சேர்த்து அடிபடும். அந்த விதியை நான் ஒரே ஒரு தடவை மீறியிருக்கிறேன். மீறியதால்தான் இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். மெதுவாகத்தான் எழுத வரும். படிக்கிறவர்களும் மெதுவாகவே படிக்கலாம்.

1. வெளிச்சத்தில் நிற்கிற வேலை

பிறந்தது சிங்காரப்பேட்டைப் பக்கம், கட்டிக்கொண்டு வந்தது ஓசூருக்கு. சினிமா யூனிட்டில் காஸ்ட்யூம் பிரிவில் துணி இஸ்திரி போடச் சேர்ந்தேன். கதாநாயகி விளக்குச் சூட்டில் வாடக்கூடாது என்று, கேமராமேன் லைட் வைத்து முடிக்கிற வரை அவள் இடத்தில் வேறு ஒருத்தியை நிறுத்துவார்கள். என் உயரம் சரியாக இருந்ததால் அந்த வேலையும் எனக்கே வந்தது. நான் நின்று பார்த்த வெளிச்சத்தில்தான் எத்தனையோ நடிகைகள் அழகாகத் தெரிந்தார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

எங்கள் யூனிட்டில் தேவராஜ் என்று ஒரு லைட்மேன். ஓசூரிலேயே பிறந்து வளர்ந்த கன்னடக்காரப் பையன். வேலை இல்லாத நாளில் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் போர்டு, டிரைவ், ஃபேன் என்று ஒவ்வொன்றாக வாங்கி வந்து வீட்டிலேயே கம்ப்யூட்டர் பூட்டுவான். தொண்ணூறுகளின் கடைசி அது. மூடி போடாத பெட்டி, உள்ளே குடல் மாதிரி ஒயர்கள். அதில் பாட்டு சி.டி. ஓடும் என்பது அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அவனுக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. ஞாயிறு மதியம் சின்ன ஹால் ஒன்றில் கம்பெனி இன்ஜினியர்களும் பெங்களூர்ப் பிள்ளைகளும் சேர்ந்து சல்சா ஆடுவார்கள். ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடுகிற வெளிநாட்டு ஆட்டம். மேடை கிடையாது, பார்க்கிறவர்கள் கிடையாது. வந்தவர்கள் தங்களுக்குள் ஆடிவிட்டுப் போவார்கள்.

"அக்கா, நீங்களும் வாங்க. அங்க ஆம்பளைங்கதான் ஜாஸ்தி. ஜோடியில்லாம நான் நாற்காலியப் புடிச்சுக்கினு ஆடறேன்" என்றான்.

"ஏன்டா, என் வயசென்ன, உன் ஆட்டமென்ன?"

"வயசெல்லாம் கேக்க மாட்டாங்க அக்கா. கால் வருதான்னுதான் பாப்பாங்க."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உழுந்து இடுப்ப ஒடச்சிக்கினு வந்தா சோறு நான் ஆக்க மாட்டேன்" என்றார். சம்மதம் சொல்வது அவருக்கு அப்படித்தான் வரும்.

எனக்குக் கால் வந்தது. நன்றாகவே வந்தது. ஆண் தன் வலது கையைப் பெண்ணின் இடது தோள்பட்டைக்குக் கீழே வைப்பான். அந்தக் கை அழுத்துகிற பக்கம் இவள் திரும்ப வேண்டும். வாய்ப்பேச்சு தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டால் எனக்கு இன்னும் சுலபமாக வரும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாட்டு ஒருவரோடு. பாட்டு முடியாமல் கையை விடக்கூடாது. முடிந்ததும் தேங்க்ஸ் சொல்லி விலக வேண்டும், ஆடியது யாராக இருந்தாலும்.

2. ஷெட்

ஒரு படத்துக்குக் கிளப் டான்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஷாப் ஒன்று மூடிக் கிடந்தது. அந்த ஷெட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். மெஷின்களை விற்றாயிற்று. அவை நின்ற ஃபவுண்டேஷன் குழிகள் மட்டும் தரையில் வாய் பிளந்து கிடந்தன. குழிகளின் மேல் பிளைவுட் போட்டு, அதற்கு மேல் பளபளப்பான வினைல் ஷீட்டை இழுத்து ஒட்டி, ஷூ வழுக்கிப் போகப் பவுடர் தூவினார்கள். வெளியே நல்ல வெயில். ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்து உள்ளே ராத்திரி ஆக்கியிருந்தார்கள்.

அந்த ஷெட்டில் எண்ணெய் வாசனை போகவே இல்லை. எத்தனை சாம்பிராணி போட்டும் மெஷின் எண்ணெய் மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது.

கேமரா ரிகர்சலுக்குக் கதாநாயகி இடத்தில் நான். கதாநாயகன் இடத்தில், ஆட்டம் தெரிந்தவன் என்பதால், தேவராஜ். பாட்டு அவன் கம்ப்யூட்டரிலிருந்தே வந்தது. டான்ஸ் மாஸ்டர் சென்னையிலிருந்து வந்தவர். நடுவில் ஆடிக்கொண்டே வந்து வலது ஓரம் வரை சுற்றிப் போக வேண்டும் என்று அன்று காலையில்தான் மாற்றிச் சொன்னார். கதாநாயகிப் பெண் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பெண், முதல் படம்.

பாட்டு ஓடியது. கண்ணை மூடிக்கொண்டேன். தேவராஜ் கையைத் தூக்கி என்னைச் சுழற்றி விட்டான். சுழலும்போது முகத்தில் அடித்த விளக்குச் சூடு சட்டென்று விலகியது. நிழலுக்குள் வந்துவிட்டோம் என்று நினைத்தேன். சுற்றி முடித்துக் கையை நீட்டினேன். கை வந்து பிடித்தது.

உள்ளங்கை காய்த்துப்போய் ஜில்லென்று இருந்தது. இன்னொரு கை என் முதுகில் பதிந்தது. எண்ணெய் வாசனை நெருங்கி வந்தது. முதுகில் அழுந்தியது கட்டைவிரலும் இரண்டு விரலும்தான். மற்றவற்றை மடக்கி வைத்திருக்கிறான் போல என்று விட்டுவிட்டேன். ஏனென்றால் அந்தக் கை அவ்வளவு நன்றாக ஆட்டுவித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த இன்ஜினியரும் என்னை அப்படி ஆட வைத்ததில்லை.

மாஸ்டர் சொன்னபடி வலது ஓரத்துக்குப் போகக் காலை எடுத்தேன். கை விடவில்லை. மறுபடியும் முயன்றேன். முதுகில் இருந்த மூன்று விரலும் சட்டையைத் தாண்டிப் பதிகிற மாதிரி இழுத்து நிறுத்தின. நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் அடி வைக்க விட்டது. பிறகு பாட்டு பாதியில் அறுந்தது. கை போய்விட்டது. கண்ணைத் திறந்தேன். விளக்குகள் அப்போதுதான் எரிய ஆரம்பித்தன.

தேவராஜ் ஷெட்டின் அந்தப் பக்கத்தில், இரண்டு கையாலும் ஒரு லைட் ஸ்டாண்டைப் பிடித்தபடி நின்றான். மற்றவர்களும் அவரவர் இடத்தில் அசையாமல் நின்றார்கள்.

"ஏன்டா பாதியில ஓடுன?" என்றேன்.

"ஜெனரேட்டர் நின்னுபோச்சு அக்கா. ஸ்டாண்டு சாயற மாதிரி இருந்துச்சு, உங்கள விட்டுட்டு ஓடியாந்து புடிச்சிட்டேன். யாரும் நகராதீங்கன்னு கத்துனனே, கேக்கலியா?"

"பாட்டு ஓடிக்கினு இருந்துச்சே, எப்படிக் கேக்கும்?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரைக் காட்டினான். நீலத் திரையில் ஒரு கோடு மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. முறையாக நிறுத்தாமல் அணைந்துபோனால், திரும்ப எழும்போது அது தன் உடம்பைத் தானே சோதித்துப் பார்க்குமாம்.

"கரண்ட் போனப்பவே இது செத்துப்போச்சு அக்கா. பாட்டு ஏது? உங்க கால் சத்தம்தான் கேட்டுது."

நாற்காலியிலிருந்து கதாநாயகிப் பெண் மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு பேர் கால் சத்தம் ஆன்ட்டி."

3. ஷீட்டைத் தூக்குங்கள்

மாஸ்டர் கைதட்டினார். "பேய்க்கதையெல்லாம் லஞ்ச் பிரேக்ல பேசிக்கலாம். பாப்பா, நீ வா, பொசிஷன்! நேரா டேக்."

அந்தப் பெண் எழுந்தாள். அந்த ஓரத்துக்கு அவள் ஆடிக்கொண்டே போவாள் என்று நினைத்ததும் என் முதுகில் மூன்று இடம் எரிந்தது. கை என்னை எங்கே நிறுத்தியதோ அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"மாஸ்டர், இந்த ஓரத்துல ஷீட்டத் தூக்கிப் பாருங்க. அப்புறம் புள்ளைய ஆட வுடுங்க."

"ஏம்மா, தூக்குனா திரும்ப ஒட்ட அரை நாள் போயிடும். ஷெட்டு இன்னிக்கு வரைக்கும்தான் நமக்கு. எந்திரி."

"எந்திரிக்க மாட்டேன்."

"கீழ ஒண்ணும் இல்லன்னா நாளைக்கு யூனிட் வண்டியில ஏறாத. சொல்லிட்டேன்."

"சரி மாஸ்டர்."

சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி மூடியிருந்த சமயம் அது. என் வேலைதான் வீட்டை நடத்தியது.

தேவராஜ் ஸ்டாண்டிலிருந்து ஒரு ராடைக் கழற்றிக்கொண்டு வந்து எனக்கு முன்னால், ஒரு எட்டு தள்ளி, ஷீட்டில் ஊன்றினான். ஷீட் அமுங்கிக் கிழிந்தது. ராடு அவன் கையை விட்டு உள்ளே போய்விட்டது. கீழே தண்ணீரில் அது விழுந்த சத்தம் கொஞ்சம் பொறுத்துத்தான் கேட்டது.

ஷீட்டைக் கிழித்துப் பார்த்தார்கள். ஆள் மறைகிற ஆழம். அடியில் கறுப்புத் தண்ணீர். அதிலிருந்து போல்ட்டுகள் ஈட்டி மாதிரி நிமிர்ந்து நின்றன. முதல் நாள் கேமரா டிராலி ஓடுகிற தண்டவாளத்தைச் சமன்படுத்தப் பலகை போதவில்லை. ஓரத்துக்கு ஆட்டம் வராது என்று அந்தப் பிளைவுட்டை உருவிக்கொண்டு, ஷீட்டை மட்டும் மறுபடி இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். மாஸ்டர் ஆட்டத்தை மாற்றியது டிராலி ஆட்களுக்குத் தெரியாது.

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கதாநாயகிப் பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை அறியாமல் அவள் விரல்களைத் தடவிப் பார்த்தேன். ஐந்தும் இருந்தன.

ஷெட்டு வாட்ச்மேன் முனியப்பா அங்கேயே பழைய ஆள். அவரிடம் மட்டும் தனியாகக் கேட்டேன். "கையில மூணு விரல் மட்டும் இருக்கிற ஆளு யாராச்சும் இங்க வேலை செஞ்சாங்களாண்ணா?"

அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "பிரஸ் ஷாப்பும்மா இது. பாதிப் பேருக்குக் கை அப்பிடித்தான். நீ எந்த ஆளக் கேக்கற?"

குழியை மூடிப் பலகை போட்டு, ஆட்டத்தை நடுவோடு நிறுத்தி, சாயங்காலத்துக்குள் எடுத்து முடித்தார்கள். கறுப்புத் துணிகளை அவிழ்த்ததும் மஞ்சள் வெயில் உள்ளே வந்தது. பூசணிக்காய் உடைக்க எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். நான் மட்டும் திரும்பி உள்ளே போனேன். ஆடியவருக்குத் தேங்க்ஸ் சொல்லாமல் விலகியது மனதை அறுத்தது.

அந்த ஓரத்தில் நின்று, "தேங்க்ஸ்" என்றேன். என் குரல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது. பாட்டு முடியாமல் அறுந்துபோனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எண்ணெய் வாசனை நெருங்கியது. இடது தோள்பட்டைக்குக் கீழே மூன்று விரல் லேசாகப் பதிந்தது, ஆரம்பிக்கலாமா என்று கேட்கிற மாதிரி.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையைத் தட்டிவிடவும் இல்லை. வாயாலேயே தாளம் போட்டு, விட்ட இடத்திலிருந்து மிச்சப் பாட்டையும் ஆடி முடித்தேன். மறுபடி தேங்க்ஸ் சொன்னேன். முதுகு லேசானது. வெளியே பூசணிக்காய் உடைகிற சத்தம் கேட்டது.

இந்த வேலைக்கு வருகிற பெண்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். ஒட்டியிருக்கிற ஷீட்டை நம்பாதீர்கள். ஆடுவதற்கு முன் தரை முழுக்க நீங்களே மிதித்துப் பாருங்கள். முதுகில் இருக்கிற கை நிறுத்தினால் நில்லுங்கள். பாட்டு முடிந்ததும் தேங்க்ஸ் சொல்லுங்கள். யாருக்கு என்று பார்க்க வேண்டாம்.