உறைய வைக்கவும்

எங்க அண்ணி ஒரு கம்பெனி கேன்டீன்ல பதினாறு வருஷம் அடுப்புல நின்னவங்க. ஒரு நாள் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி சாஞ்சு, வலது கை முழங்கை வரைக்கும் வெந்து போச்சு. காயம் ஆறிடுச்சு, ஆனா ரெண்டு விரல் மடங்க மாட்டேன்னு அடம் பிடிக்குது. அனல் பட்டா தோல் காந்துது. அடுப்புப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு.

மூணு மாச லீவு முடிஞ்சு அண்ணி வேலைக்குத் திரும்பின அன்னிக்கு நானும் கூட இருந்தேன். அதே கேன்டீன்ல காய் நறுக்குறது என் வேலை. தலைமைச் சமையல்காரர், எல்லாருக்கும் மாஸ்டர், அண்ணியோட கையைப் பார்த்தாரு, உதட்டைப் பிதுக்கினாரு. "அடுப்புல நிக்க முடியாதவ என்னம்மா சமையல்காரி? போ, தட்டு கழுவுற பக்கம் போய் நில்லு"ன்னாரு.

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு. பதினாறு வருஷம் இவரு உப்பை அள்ளிக் கொட்டின குழம்பையெல்லாம் யாருக்கும் தெரியாமச் சரி பண்ணினது யாராம்? தட்டு கழுவுற இடத்துல மட்டும் பன்னீரா ஓடுது? அங்கயும் கொதிக்கிற வெந்நீர்தானே! நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அண்ணி நேரா மேனேஜர் அறைக்குள்ள போயிட்டாங்க. நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சார், அடுப்பு இல்லாமச் சமைக்கிறேன். ஒரு வாய்ப்பு குடுங்க."

மேனேஜர் சிரிச்சாரு. "அடுப்பு இல்லாம என்னம்மா சமைப்பீங்க? வெள்ளரிக்காய் நறுக்கி வைப்பீங்களா?"

"பழ ஜெல்லி சார். கிரீம், டின் பால் எல்லாம் போட்டு, குளிர வெச்சு. டீ பாய்லர்ல வர்ற வெந்நீர் போதும்."

அடுத்த வெள்ளிக்கிழமை கம்பெனியில நூத்திருபது பேருக்கு மதிய விருந்து இருந்துச்சு. மேனேஜர் காலண்டரைத் திரும்பிப் பார்த்தாரு. "சரி, அந்த விருந்துக்குச் செய்யுங்க. நல்லா வந்தா சமையல்ல இருங்க. சொதப்பினா மாஸ்டர் சொன்ன இடத்துக்குப் போயிடணும். அப்புறம் இந்த அறைக்கு வந்து நிக்கக் கூடாது."

"வர மாட்டேன்"னு சொல்லிட்டு அண்ணி விறுவிறுன்னு வெளிய வந்துட்டாங்க.

அந்த ஒரு வாரம் எங்க வீட்டு பிரிட்ஜ் எங்களுக்குச் சொந்தமில்லை. தண்ணி பாட்டில் வைக்கக்கூட இடம் கிடையாது. எங்க அண்ணன் ராத்திரி சாப்பாட்டுக்குத் தட்டோட வந்து உட்கார்ந்தா, தட்டுல ஜெல்லி. மறுநாளும் ஜெல்லி. "ஏம்மா, நான் என்ன சின்னக் குழந்தையா? சோறு கிடைக்குமா கிடைக்காதா?"ன்னு பாவமாக் கேட்பாரு. "கிடைக்கும். நீங்களே வடிச்சுக்கோங்க"ன்னு பதில் வரும். அந்த அன்னாசிப்பழம் இருக்கே, அது பண்ணின அழிச்சாட்டியம் கொஞ்சநஞ்சமில்லை. பச்சையா நறுக்கிப் போட்டா ஜெல்லி உறையவே மாட்டேங்குது, விடிய விடிய வெச்சாலும் தண்ணியாவே நிக்குது. மூணு தடவை கீழ கொட்டினோம். நாலாவது தடவை அண்ணி என்னை அடுப்புல நிக்க விட்டு அன்னாசியை நல்லாக் கொதிக்க வெச்சு, ஆறின பிறகு போட்டாங்க. ஜெல்லி கும்முனு உறைஞ்சு நின்னுச்சு. நான் கை தட்டினேன். அண்ணியோ, "அடுப்பு வேண்டிய பழம் நமக்கு வேண்டாம் போடி. திராட்சை, ஆப்பிள், மாதுளை போதும்"னு முடிச்சுட்டாங்க. வீம்புன்னா அப்படி ஒரு வீம்பு.

வியாழக்கிழமை சாயங்காலம் கேன்டீன்லயே எல்லாம் தயாராச்சு. சிவப்பு ஜெல்லியைத் தனியா உறைய வெச்சுக் கட்டம் கட்டமா வெட்டி, கிரீமும் டின் பாலும், உறைய வைக்கிற ஜெலட்டின் பொடியும் கலந்ததுல பழத்தோட போட்டு, ஆறு பெரிய தட்டு நிறைய ஊத்தியாச்சு. அண்ணி இடது கையால, கோணல் எழுத்துல, ஒரு சீட்டு எழுதி மேல் தட்டுல ஒட்டினாங்க: 'உறைய வைக்கவும். யாரும் தொட வேண்டாம்.' தட்டுகளை பிரிட்ஜ்ல வெச்சுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலையில ஒன்பது மணிக்கு வந்து பிரிட்ஜைத் திறந்தா, தயிர்ப் பாத்திரமா அடுக்கியிருக்கு. ஜெல்லித் தட்டு ஒண்ணைக்கூடக் காணோம்.

"பிரீசர்ல இருக்கு. ராத்திரியே எடுத்து வெச்சேன்"னாரு மாஸ்டர், பெரிய உபகாரம் பண்ணின மாதிரி. "உறைய வைக்கவும்னு எழுதியிருந்துச்சே! பிரிட்ஜ்ல வெச்சா எப்படி உறையும்?"

தட்டுகளை இழுத்து வெளிய வெச்சோம். செங்கல் மாதிரி இறுகிக் கிடந்துச்சு. இளகினா சரியாயிடுமோன்னு ஒரு நப்பாசை. பத்தரை மணிக்குப் பார்த்தா கிரீம் திரிதிரியாப் பிரிஞ்சு, ஜெல்லிக் கட்டமெல்லாம் தண்ணி விட்டுச் சுருங்கி, தட்டு நிறைய இளஞ்சிவப்புத் தண்ணி. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அண்ணி அழலை. மாஸ்டர் முன்னால போய் இடுப்புல கை வெச்சு நின்னாங்க. "மாஸ்டர், உங்க வீட்டுல தயிரை எங்க உறைய வைப்பீங்க? பிரீசர்லயா?"

மாஸ்டர் கரண்டியைக் கையில எடுத்துக்கிட்டுச் சமாளிச்சாரு. "தயிர் வேற, இது வேறம்மா. உன் சீட்டுதான் தப்பு. பிரிட்ஜ்லயே இருக்கட்டும்னு தெளிவா எழுதியிருக்கணும்."

"தொட வேண்டாம்னு தெளிவாத்தானே எழுதியிருந்தேன்? அதை மட்டும் ஏன் படிக்கலை?"

சத்தம் கேட்டு மேனேஜர் வந்துட்டாரு. தட்டைப் பார்த்தாரு, தலையில கை வெச்சாரு. "ரெண்டு பேரும் நிறுத்துங்க. கடைக்கு ஆள் அனுப்பி ஐஸ்கிரீம் வாங்கிடலாம். அண்ணன்-தங்கச்சி மாதிரி இருந்த நீங்க இப்படிச் சண்டை போடலாமா? நீங்க மாஸ்டர்கிட்ட ஒரு ஸாரி சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுது."

"எதுக்கு ஸாரி? என் பொருளை எடுத்துக் கெடுத்தது அவரு. இனிப்பு மதியம் ஒன்றரை மணிக்குத்தானே பரிமாறணும் சார்? ஐஸ்கிரீம் வாங்காதீங்க. வாங்கினா நான் தோத்ததா ஆயிடும்."

"நாலு மணி நேரம் குளிரணும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"பெரிய தட்டுல ஊத்தினா நாலு மணி நேரம். சின்ன கிளாஸ்ல ஊத்தினா எதுக்கு நாலு மணி நேரம்?"

அதுக்கப்புறம் நடந்தது எனக்கே முழுசா ஞாபகம் இல்லை, அவ்வளவு ஓட்டம். டீ போடுறவர்கிட்ட இருந்த கண்ணாடி கிளாஸ் அத்தனையும் எங்க மேசைக்கு வந்துடுச்சு. ஸ்டோர்ல மிச்சமிருந்த ஜெல்லிப் பொடியை நான் கொஞ்சமா வெந்நீர் ஊத்திக் கரைச்சேன். பொடி நல்லாக் கரைஞ்சதும் மீதித் தண்ணிக்குப் பதிலா ஐஸ் கட்டியை அள்ளிப் போட்டாங்க அண்ணி. சூடு பட்டுனு இறங்கிடுச்சு. ஒவ்வொரு கிளாஸ்லயும் நாலு திராட்சை, கொஞ்சம் ஆப்பிள், ரெண்டு விரல் உயரத்துக்கு ஜெல்லி. அகலமான தட்டுல ஐஸ் தண்ணி ஊத்தி அதுல கிளாஸை வரிசையா நிக்க வெச்சோம். கிரீம் பாதிதான் இருந்துச்சு. அதோட டின் பாலையும் கரைச்ச ஜெலட்டினையும் சேர்த்து அண்ணி இடது கையாலேயே அடிச்சாங்க. வேர்த்து ஊத்துது, நான் வாங்கிக்கப் போனா முறைக்கிறாங்க. "கை வலிக்கலையா அண்ணி?"ன்னேன். "வலிக்குது. வலிக்கட்டும்"னாங்க.

பன்னிரண்டு மணிக்குச் சிவப்பு உறைஞ்சுது. மேல ஒரு விரல் கிரீம், அதுக்கு மேல மாதுளை முத்து. பிரிட்ஜ்ல இருந்த தயிர்ப் பாத்திரத்தையெல்லாம் அண்ணியே தூக்கி மாஸ்டர் மேசை மேல வெச்சாங்க. காலியான இடத்துல கிளாஸையெல்லாம் அடுக்கினோம். ஒன்றேகாலுக்கு ஒரு கிளாஸை எடுத்துச் சாய்ச்சுப் பார்த்தாங்க. கிரீம் அசையலை. நான் வாய் விட்டுக் கத்திட்டேன்.

நூத்திருபது கிளாஸும் போச்சு. இன்னொண்ணு இருக்கான்னு கேட்டு உள்ள வரைக்கும் ஆள் வந்தாங்க. மாஸ்டர் கூட ஓரமா நின்னு ஒண்ணைச் சாப்பிட்டாரு. அடியில ஒட்டினதைச் சுரண்டிச் சுரண்டிச் சாப்பிட்டதை என் கண்ணால பார்த்தேன். "ருசி நல்லாத்தான் இருக்கு. ஆனா இது சமையல் இல்லை, சும்மா கலக்கி வெச்சது"ன்னாரு.

"அப்படின்னா திங்கக்கிழமை நீங்க சும்மா கலக்கி வைங்க மாஸ்டர். நான் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்றேன்"னாங்க அண்ணி.

சாயங்காலம் மேனேஜர், சுவத்துல ஒட்டற புது வேலைப் பட்டியலோட வந்தாரு. முகமெல்லாம் சிரிப்பு. "ஜெயிச்சுட்டீங்கம்மா. தட்டு கழுவ வேண்டாம்"னு அண்ணிகிட்ட நீட்டினாரு. நானும் எட்டிப் பார்த்தேன். அண்ணி பேருக்கு நேரா 'இனிப்பு, உதவியாளர்'னு இருந்துச்சு.

அண்ணி அதை ரெண்டு தடவை படிச்சாங்க. "யாருக்கு உதவி சார்? அந்த மேசையில என்னைத் தவிர யாரு இருக்கா?"

"அது சும்மா ஒரு பேருக்குத்தான்மா. மாஸ்டர் வருத்தப்படுவாரு, அதான். அடுப்புல நிக்கறவங்களைத்தான் சமையல்காரர்னு போடுறது வழக்கம்."

"நல்லா வந்தா சமையல்ல இருங்கன்னு சொன்னீங்க. உதவியில இருங்கன்னு சொல்லலையே."

மேனேஜர் சட்டைப் பையில இருந்த பேனாவை அண்ணி கேட்காமலேயே எடுத்தாங்க. 'உதவியாளர்'ங்கறதை ஒரே கோடா அடிச்சுட்டு, பக்கத்துல இடது கையால, நிதானமா, 'சமையல்காரர்'னு எழுதினாங்க. பேனாவை மூடித் திருப்பிக் குடுத்தாங்க.

"இப்ப ஒட்டுங்க சார்."

அவரு ஒட்டினாரு.