சிவப்பு டேப் ஒட்டிய இடம்

கம்பளத்தை விரித்து, நான்கு மூலைகளையும் வெறுங்காலால் தேய்த்துச் சமப்படுத்திய பிறகுதான் அக்கா குழுவில் மற்றவர்களை நிமிர்ந்தே பார்ப்பார். வெறுந்தரையில் வைத்தால், அடிக்க அடிக்க டிரம்ஸ் வழுக்கிக்கொண்டு முன்னால் போய்விடும். கம்பளத்தில் வெள்ளை டேப் ஒட்டிய இடமெல்லாம் டிரம்ஸின் கால்களுக்கு. இடது ஓரத்தில் ஒரே ஒரு சிவப்புத் துண்டு, அது மைக் ஸ்டாண்டுக்கு. "வீட்ட மாத்தலாம், அடுப்ப மாத்தக் கூடாது" என்பார்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலை. சனிக்கிழமையானால் ராக் குழுவில் டிரம்ஸ், அடித்துக்கொண்டே பாட்டு. அவரிடம் மூக்குக்கண்ணாடி வாங்கிப் போகிறவர்களுக்கு இது தெரியாது. கைவிரல்களில் சுற்றிய பிளாஸ்திரியைப் பார்த்து, பாவம், லென்ஸ் கிழித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இருபத்து மூன்று வயதில் ஒரு குழுவில் ஓரமாக நின்று பின்பாட்டுப் பாடச் சேர்ந்தவர் அவர். டிரம்ஸ்காரர் கல்யாணம் செய்துகொண்டு மாமனார் கடையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். "ஆள் கிடைக்கிற வரைக்கும் நான் தட்டுறேன்" என்று அக்கா உட்கார்ந்தார். ஐந்து குழுக்கள் மாறிவிட்டன, ஆள் இன்னும் கிடைக்கவில்லை. "பாடு, வேணாங்கல. அத அடிச்சுக்கிட்டேதான் பாடணுமா?" என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். கணவர் பேருந்து ஓட்டுநர். பெரிய டிரம்மை அவர் தூக்கி வருவதைப் பார்த்து, அடிப்பவரும் அவர்தான் என்று அரங்கப் பொறுப்பாளர்கள் கைகுலுக்குவார்கள். "அவரு தூக்குறதோட சரிங்க" என்பார் அக்கா.

இரண்டு கை, இரண்டு கால், வாய் எல்லாம் வேலையில் இருப்பதால் உத்தரவு போட அவருக்கு மோவாய் மட்டுமே மிச்சம். ஒரு தடவை உயர்த்தினால் தொடங்கு, இரண்டு தடவை என்றால் முடி. வீட்டிலும் அதே மோவாய்தான் என்று கணவர் புகார் சொல்வார். புகார் சொல்லும்போது சிரிப்பார்.

குறை இல்லாமல் இல்லை. பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது, பெரிய டிரம்மை மிதிக்கும் அவருடைய வலது கால் ஒரே ஒரு அடி அடிக்காமல் நின்றுவிடும். "மூச்சு மேல போறப்ப காலு மறந்துடுது" என்பார். தடித்த கம்பிகளை மீட்டும் பேஸ்காரர் பத்தொன்பது வருடமாக அவரோடு இருக்கிறார். கால் நிற்கிற அந்த இடத்தில் ஒரு கம்பியை ஓங்கித் தட்டிப் பள்ளத்தை மூடிவிடுவார். கேட்கிறவர்களில் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

போன மாதம் ஒலிப்பதிவுக்கூடத்தில்தான் குட்டு உடைந்தது. அங்கே ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கிறார்கள். "இங்க ஒரு அடி காணோமே" என்றார் ஒலிப்பதிவாளர். கிட்டார்காரர் நல்ல மனிதர், தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "அக்கா, நீங்க முன்னாடி நின்னு பாடுங்களேன். அடிக்க என் மச்சான் இருக்காரு. ஒரு சனிக்கிழமை பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

"சரிப்பா" என்றார் அக்கா. மறுநாள் கடையில் இரண்டு லென்ஸ் உடைத்தார். பல வருடங்களில் அவர் கையில் ஒன்றுகூட உடைந்ததில்லை.

"பாட்ட யாரும் பிடுங்கலங்க" என்றார் கணவரிடம். "ஆனா அந்த ஸ்டூல்ல உக்காந்தாத்தான் எனக்குப் பாட்டே வருது. அது போச்சுன்னா எல்லாம் போச்சு."

"அத அவங்ககிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னா, வயசான காலத்துல அடம் பிடிக்கிறாம்பாங்க."

சனிக்கிழமை ஒத்திகையில் மச்சானுக்காகக் கம்பளத்தை அக்காவே விரித்தார். மச்சான் நெட்டையானவர், ஸ்டூலை இரண்டு சுற்று உயர்த்திக்கொண்டார். சிவப்பு டேப் வெறுமனே கிடந்தது. முன்னால் நின்ற அக்காவுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்று பாடினார். குரலுக்கு ஒன்றும் பழுதில்லை.

உச்சம் வந்தது. மச்சான் அந்த அடியை விடாமல் அடித்தார். பேஸ்காரரின் கையும் பழக்கதோஷத்தில் ஓங்கித் தட்டியது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மொத்தென்றது. மறுபடி பாடினார்கள், மறுபடி மொத்தென்றது. மூன்றாம் தடவை பேஸ்காரர் கையை எடுத்துவிட்டார்.

"தம்பி அடிக்கிறதுல தப்பே இல்ல" என்றார். "ஆனா அக்கா கால் நிக்கிற இடத்துல நான் தட்டித் தட்டி, அதுதான் பாட்டுன்னே ஆயிப்போச்சு. ஒலிப்பதிவுலயும் அப்படியே இருக்கட்டும். அந்தப் பள்ளம் எனக்கு வேணும்."

மச்சான் குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டார்காரர் தலையைச் சொறிந்தார். "நீங்க என்னக்கா சொல்றீங்க?"

அக்கா மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். மச்சான் அப்பாடா என்பதுபோல் எழுந்து குச்சிகளை நீட்டினார். அக்கா அவற்றை வாங்கிக்கொண்டு, ஸ்டாண்டைச் சிவப்பு டேப்பின்மேல் நிறுத்தினார். ஸ்டூலை இரண்டு சுற்று இறக்கி உட்கார்ந்தார். பதிலுக்காக எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தடவை மோவாயை உயர்த்தினார்.