மூன்றாவது டிஸ்க்

எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் நான் ஒரு கம்பெனி நடத்தினேன். முதலாளி நான், புரோகிராம் எழுதுகிறவன் நான், தரை கூட்டுகிறவனும் நான். கீழே சீனர் ஒருவர் பல் கட்டும் கடை வைத்திருந்தார். மாடியில் எனக்கு ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். போன் அடிக்காத நாளில் வாயைத் திறக்க வேலையே இருக்காது. சாயங்காலம் கடையில் கோப்பி கேட்கும்போது என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்கும். பத்து காஜா ஊர்ப் பக்கம் அப்பா ஆஸ்பத்திரி டிரஸ்ஸராக மருந்து கட்டிக்கொண்டிருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, அப்பாவும் அம்மாவும் கிள்ளானில் அண்ணன் வீட்டோடு போய்விட்டார்கள். சொந்தத் தொழில் என்று நான் மட்டும் இங்கே நின்றேன். வீம்பு, வேறென்ன.

இந்தத் தொழிலில் ஒரு சாபக்கேடு உண்டு. புரோகிராம் ஒழுங்காக ஓடினால் யாரும் நம்மைக் கூப்பிடமாட்டார்கள். நான் ஒழுங்காக எழுதித் தொலைத்தேன்.

ஜெலாப்பாங்கில் நம் ஆள் ஒருவர் நடத்திய லோரிப் பட்டறைக்கு, சாமான் இருப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை ஓட்டியவர் அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஓர் அக்கா. டைப்படிக்க மட்டும் தெரிந்தவர், தானாகவே உட்கார்ந்து பழகிக்கொண்டார். இரண்டாயிரத்துச் சொச்சம் அட்டைகளில் கிடந்த சாமான் கணக்கை ஒற்றை ஆளாக டிஸ்கில் ஏற்றினார். போகும்போதெல்லாம் அவரிடம் ஒன்றுதான் சொல்வேன்: எதற்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அதையும் தவறாமல் செய்தார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் போன் அடித்தது. மெஷின் எதையும் படிக்க மாட்டேன் என்கிறது என்று அக்கா பதறினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

பட்டறையில் ஸ்பேனர் முதல் லோரி டயர் வரைக்கும் சந்தனமும் குங்குமமும். கம்ப்யூட்டருக்கு மாலை. அந்தக் கால டிஸ்கின் உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். உள்ளே சுற்றுகிற தகட்டை மெஷின் அந்த வழியாகத்தான் படிக்கும். அக்கா சரியாக அந்த இடத்தில் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இட்டிருந்தார். பார்த்தால் நெற்றி மாதிரி இருந்ததாம். நகல் டிஸ்கை மட்டும் ஒதுக்கினால் குறையாகிவிடும் என்று அதற்கும் பொட்டு. காலையில் இரண்டையும் மாற்றி மாற்றி மெஷினில் போட்டுப் பார்க்க, சந்தனம் உள்ளே இழுபட்டு எல்லாம் நாசம். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆயுத பூஜை எனக்கு ஒரு லீவு நாள், அவ்வளவுதான். இப்படியும் நடக்கும் என்று சொல்லிவைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

முதலாளி வந்து பார்த்தார். தீபாவளிக்குள் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும் என்றார்.

"இல்லன்னா மெஷினும் வேணாம், மெஷினுக்குன்னு ஒரு ஆளும் வேணாம் லா."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வாரம் அவருக்கு லீவு. தைப்பிங்கில் தங்கைக்குத் தலைப்பிரசவம். தாயில்லாத பிள்ளைகள், துணைக்கு இவரை விட்டால் ஆள் கிடையாது. அந்த லீவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்து பழைய அட்டைப் பெட்டிகளை இறக்கி, அதற்குப் பிந்திய பில் கட்டுகளையும் எடுத்து வைத்தார். அவர் வாசிக்க, நான் அடித்தேன்.

இரண்டாவது நாள் சாயங்காலம் என் மாடிக்கு வந்து, காலி டிஸ்க் ஒன்று வேண்டுமென்று டிராயரைத் துழாவினேன். அடியில் ஒரு டிஸ்க் கிடந்தது. முந்தின மாதம் ஒரு சின்னக் கோளாறைப் பார்க்கப் பட்டறையிலிருந்து நான் எடுத்து வந்த நகல். சுத்தமாக மறந்துபோயிருந்தேன். போட்டுப் பார்த்தேன், அத்தனையும் இருந்தது. அதற்குப் பிறகு மாறிய அறுபது எழுபது சாமான்களின் கணக்கைத் திருத்தினால் தீர்ந்தது வேலை. அரை நாள் போதும். அக்காவின் வீட்டுக்குப் போன் பண்ணலாம் என்று எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்டால் என்னத்தைச் சொல்ல. அன்று மத்தியானம் அக்கா எனக்கும் சேர்த்துச் சோறு கட்டி வந்திருந்தார். அட்டைக்கு நடுவே தங்கையின் சேட்டைகளைச் சொல்லிச் சிரித்தார். காலையில் நான் நுழைந்ததும், பசியாறிட்டீங்களா தம்பி என்று கேட்டார். எத்தனையோ மாதமாக அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளையும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது, நான் வாயைத் திறக்கவில்லை.

எட்டாவது நாள் தைப்பிங்கிலிருந்து பட்டறைக்குப் போன். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் பக்கத்து வீட்டு மாச்சிக், ஒரு மலாய்க்கார அம்மாதான், துணைக்கு இருந்தாராம். தங்கை அக்கா அக்கா என்று அழுதுகொண்டே இருந்தாளாம். அக்கா போனை வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த அட்டையை வாசித்தார். பின்சக்கர பிரேக் லைனிங், பன்னிரண்டு. நானும் பன்னிரண்டு என்று அடித்தேன். பாவி, அடித்தேன்.

பதினோராவது நாள் முடிந்தது. முதலாளி பார்த்துவிட்டுத் தலையாட்டினார், அக்காவின் வேலை தப்பியது. அக்கா எனக்கு ஒரு டின் முறுக்கு கொண்டுவந்திருந்தார்.

"எனக்காக உங்க வேலையெல்லாம் போட்டுட்டு வந்தீங்க. கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க தம்பி."

அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. டிராயரில் இருந்த டிஸ்கைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அக்கா கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார்.

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"ரெண்டாவது நாள்லேருந்து."

திட்டியிருந்தால் தேவலை. அவர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். முறுக்கு டின்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. தைப்பிங் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

முதலாளியிடம் அவர் மூச்சுவிடவில்லை. அதன் பிறகு வருஷம் முழுக்க எனக்கு ஒரு தடவையும் போன் பண்ணவில்லை. சின்னச் சின்னக் கோளாறெல்லாம் தாமே சரிசெய்யக் கற்றுக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் போன் அடித்தபோது, அவர் குரலைக் கேட்டதும் நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

"பொட்டு மெஷின் ஓரத்துலதான் வெக்கிறேன். டிஸ்க்கு ரெண்டையும் அலமாரில பூட்டியாச்சு, இன்னொண்ணு என் வீட்டுல இருக்கு. நீங்க வர வேணாம்."

பசியாறிவிட்டீர்களா என்று கேட்கவில்லை. தம்பி என்றும் சொல்லவில்லை. சரிக்கா என்றேன். அன்று முழுக்க நான் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.